நர்ஸம்மா வண்டிச் சத்தம்: 30 வயது டிவிஎஸ் 50-ஐ அம்மாவும் நானும் மீட்ட கதை

"மூவாயிரம் தர்றேன்க்கா. டேங்க்ல ஓட்டை விழுந்திருக்கு. அதுக்கு மேல கட்டாது."

பழைய இரும்பு வியாபாரி சொல்லிவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அம்மா மாட்டுக் கொட்டகையின் மூலையில் சாய்ந்துகிடந்த அந்த டிவிஎஸ் 50-ஐப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹேண்டில்பாரில் கோழி எச்சம். சீட்டு கிழிந்து பஞ்சு வெளியே வந்திருந்தது. 'டி.என். 29' என்று தொடங்கும் நம்பர் பிளேட்டில் கடைசி இரண்டு எண்களைத் துரு தின்றிருந்தது.

வியாபாரியை வரச் சொன்னது நான்தான். 2025 ஏப்ரலில், இரண்டு நாள் விடுமுறைக்குப் பென்னாகரம் பக்கத்தில் உள்ள எங்கள் ஊருக்கு வந்திருந்தேன். அம்மா ஓய்வுபெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. வீட்டை ஒழுங்குபடுத்தலாம் என்று கிளம்பிய எனக்கு, முதலில் கண்ணில் பட்டது இந்த வண்டி.

"வித்துடலாம் பாப்பா. நான் வேணாங்கல. ஒரே ஒரு தடவ அந்தச் சத்தத்தக் கேட்டுட்டு வித்துடலாம்" என்றார் அம்மா.

வியாபாரி சிரித்துக்கொண்டே போய்விட்டார். நாங்கள் இருவரும் ஆறு மாதம் அந்த வண்டியோடு மல்லுக்கட்டினோம்.

நம்ம மாவட்டத்து வண்டி

அம்மா கிராம சுகாதார செவிலியர். ஊரில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 'நர்ஸம்மா'தான். 1993-ல் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு துணை சுகாதார நிலையத்துக்குச் சமவெளியில் 5,000 பேர், மலைப்பகுதியில் 3,000 பேர் என்பது அரசுக் கணக்கு. அந்த 3,000 பேர் ஒரே தெருவிலா இருப்பார்கள்? காடு, கரடு, ஓடை என்று பத்துப் பன்னிரண்டு குக்கிராமங்களில் சிதறிக் கிடப்பார்கள். தேர்தல் வந்தால் ஓட்டுப் பெட்டியைக் கழுதை முதுகில் ஏற்றிக் கொண்டுபோகும் மலைக் கிராமங்கள் உள்ள மாவட்டம் இது.

முதல் இரண்டு வருடம் பஸ், சைக்கிள், நடை. 1995-ல் நாடு முழுக்க பல்ஸ் போலியோ சொட்டு மருந்து முகாம் வரப்போகிறது என்று தெரிந்ததும், அந்த வருடம் அக்டோபரில் தவணைக்கு டிவிஎஸ் 50 வாங்கினார். அந்த ஊரில் வண்டி ஓட்டிய முதல் பெண் அம்மாதான். "அப்ப எல்லாரும் வேடிக்கை பாப்பாங்க. நான் வண்டியத்தான் பாக்குறாங்கன்னு நெனச்சுக்குவேன்" என்பார்.

டிவிஎஸ் 50-க்கும் தர்மபுரிக்கும் ஒரு பிறப்புத் தொடர்பு உண்டு. இந்தியாவின் முதல் இருவர் அமரும் மொபெட்டாக, 1980-ல் ஓசூர் தொழிற்சாலையிலிருந்து அது வெளியே வந்தது. அன்றைக்கு ஓசூர் தர்மபுரி மாவட்டத்தில் இருந்தது. 1965 அக்டோபர் 2-ல் சேலத்திலிருந்து பிரிந்து உருவான தர்மபுரி, 2004 பிப்ரவரியில் மறுபடி பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனபோதுதான் ஓசூர் அந்தப் பக்கம் போனது.

மொபெட் என்ற சொல்லே மோட்டாரும் பெடலும் சேர்ந்து வந்ததுதான். 50 சிசி-க்கும் குறைவான சின்ன இன்ஜின், கியர் கிடையாது, சைக்கிள் ஓட்டத் தெரிந்தால் போதும். பால் கேன், உர மூட்டை, தக்காளிக் கூடை, ஆட்டுக்குட்டி என்று எதை ஏற்றினாலும் போகும். அம்மாவின் வண்டியில் முன்பக்கம் எப்போதும் தடுப்பூசி ஐஸ் பெட்டி இருக்கும். மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஐஸ் உருகுவதற்குள் கடைசிக் குழந்தைக்குப் போட்டு முடித்தாக வேண்டும். புதன்கிழமை தடுப்பூசி நாள். போலியோ முகாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை.

அந்த ஞாயிற்றுக்கிழமைகள் மீது எனக்குச் சின்ன வயதில் கோபம் இருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் அம்மாவோடு ஒகேனக்கல் போவார்கள். என் அம்மா ஊர்ப் பிள்ளைகள் வாயில் சொட்டு மருந்து விடப் போய்விடுவார். விடியலில் கொட்டகையிலிருந்து 'டுர்ர்ர்' என்று அந்தச் சத்தம் கிளம்பினால், எனக்கு அம்மா இல்லாத நாள் தொடங்குகிறது என்று அர்த்தம்.

2021-ல் கொரோனா தடுப்பூசி வந்தபோது, அலைச்சல் தாங்காமல் அம்மா ஒரு ஸ்கூட்டர் வாங்கினார். டிவிஎஸ் 50 கொட்டகைக்குப் போனது. ஆனால் ஒன்று. ஆர்.சி-யை மட்டும் அம்மா ஒருபோதும் காலாவதியாக விடவில்லை. 15 வருடம் முடிந்து 2010-ல் ஒருமுறை, பிறகு 2015, 2020 என்று ஐந்தைந்து வருடத்துக்குப் புதுப்பித்திருந்தார். அடுத்த கெடு 2025 அக்டோபர். அதற்குள் வண்டி ஓடி, ஆய்வாளர் முன்னால் போய் நிற்க வேண்டும்.

மாத்திரை டப்பாவும் பதிவேடும்

மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை சென்னையிலிருந்து பஸ் ஏறினேன். எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. அம்மாவுக்கு முழங்கால் வலி, தரையில் உட்கார முடியாது. அம்மா பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்ல, நான் கீழே உட்கார்ந்து கழற்றினேன்.

கழற்றிய ஒவ்வொரு போல்ட்டும் ஒரு பழைய மாத்திரை டப்பாவுக்குள் போனது. டப்பாவின் மேல் அம்மா எண் போட்டு, ஒரு நோட்டில் தேதி, பாகம், எங்கிருந்து கழற்றியது, நிலை என்று நான்கு கட்டம் போட்டு எழுதினார். தடுப்பூசிப் பதிவேடு மாதிரியே இருந்தது. 'செயின் கவர் போல்ட், 2, இடது பக்கம், நலம்.' நான் போனில் போட்டோ எடுத்துக்கொண்டேன். கடைசியில் உதவியது என் போட்டோ இல்லை, அம்மாவின் நோட்டு.

பெடலை மிதித்தால் அசையவில்லை. பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிவிட்டது. ஊர் மெக்கானிக் அண்ணன் வந்து பார்த்தார். "நர்ஸம்மா, அவசரப்பட்டு மிதிக்காதீங்க. பிளக்கக் கழட்டி, அந்த ஓட்டை வழியா டீசலும் ஆயிலும் கலந்து ஊத்தி ஒரு வாரம் விடுங்க" என்றார். இரண்டு வாரம் விட்டோம். மே மாதக் கடைசிச் சனிக்கிழமை, மேக்னட் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக ஆட்ட, 'களுக்' என்று ஒரு சத்தம். அசைந்தது. அம்மா நோட்டில் எழுதினார்: 'இன்ஜின் - அசைவு உண்டு.'

அந்த இரண்டு நாள்

ஜூனில் ஒருநாள் மின்பொறி வருகிறதா என்று பார்த்தோம். வரவில்லை. மெக்கானிக்குக்குப் போன் பண்ணலாம் என்று எழுந்தேன். "உக்காரு" என்றார் அம்மா.

தன் கைப்பையைத் துழாவி நகம் தேய்க்கும் சின்ன அரம் ஒன்றை எடுத்தார். டார்ச் அடிக்கச் சொன்னார். மேக்னட் சக்கரத்தில் உள்ள துளை வழியாக அரத்தை விட்டு, உள்ளே இருக்கும் சி.பி. பாயின்ட்டின் இரண்டு முனைகளுக்கு நடுவே நான்கைந்து முறை இழுத்தார். இந்தப் பாயின்ட் திறந்து மூடும் கணக்கில்தான் பிளக்கில் பொறி வரும். அதில் கரியோ துருவோ பிடித்தால் வண்டி கிளம்பாது. பிளக்கை இன்ஜின் மேல் வைத்துச் சக்கரத்தைச் சுற்றினேன். நீலமாக ஒரு பொறி.

"எங்கேம்மா கத்துக்கிட்ட?"

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்.

1997 ஐப்பசி. ஒரு குக்கிராமத்தில் ஒரு வீட்டில் மூன்றாவதாகப் பெண் பிறந்திருந்தது. அந்தக் காலத்தில் தர்மபுரி, சேலம் பக்கம் பெண் குழந்தை பிறந்த வீடுகளை, அதுவும் இரண்டாவது மூன்றாவது பெண் என்றால், நர்ஸ்கள் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வார்கள். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில் தொடங்கியது. தர்மபுரிக்கு அது வந்தது 2001-ல்தான். அதுவரை இங்கே இருந்த தொட்டில், நர்ஸ்களின் கால் நடைதான்.

"தினமும் அந்த வீட்டு வழியா போவேன். உள்ள போகக்கூட வேணாம். வண்டிச் சத்தம் கேட்டாப் போதும். 'நர்ஸம்மா வருது, கேப்பா'ன்னு ஒரு பயம் இருக்கும்ல. அந்தச் சத்தத்துக்குத்தான் போவேன்."

ஒன்பதாவது நாள் நல்ல மழை. ஓடையைக் கடக்கும்போது தண்ணீர் வண்டிக்குள் போய்விட்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மெக்கானிக் ஊரில் இல்லை. ஓடையில் வெள்ளம், பஸ்ஸும் இல்லை. இரண்டு நாள் போக முடியவில்லை.

"மூணாவது நாள் நடந்தே போனேன். திண்ணையில யாருமில்ல. காய்ச்சல்னு சொன்னாங்க. எழுதிக்கிட்டு வந்தேன்."

அவ்வளவுதான் சொன்னார். அந்தக் குழந்தைக்கு என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. உண்மையிலேயே காய்ச்சலாகக்கூட இருந்திருக்கலாம். அம்மாவுக்கும் அது இன்றுவரை தெரியாது. அதுதான் அவரை விடவில்லை.

அந்த வாரமே மெக்கானிக் கடையில் போய் உட்கார்ந்து, பாயின்ட் சுத்தம் பண்ண, பிளக் மாற்ற, கார்புரேட்டர் ஜெட்டை ஊத, அறுந்த கேபிளைத் தற்காலிகமாக முடிய என்று எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார். அந்த நக அரம் 28 வருடமாக அவர் கைப்பையில் இருக்கிறது. நான் அது நகத்துக்கு என்றே நினைத்திருந்தேன்.

2001 கணக்கெடுப்பில், இன்றைய தர்மபுரி மாவட்ட எல்லைக்குள் ஆறு வயது வரையிலான 1,000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகளே இருந்தார்கள். 2011-ல் அது 913 ஆனது. மாநில சராசரியான 943-ஐ இன்னும் எட்டவில்லை என்றாலும், பத்து வருடத்தில் அது பெரிய ஏற்றம். திட்டம், சட்டம், பெண்களின் படிப்பு, மகளிர் குழுக்கள் என்று அதற்குப் பல காரணங்கள். வீடு வீடாகப் போன நர்ஸம்மாக்களும் அதில் ஒரு காரணம். இத்தனை வருடம் என் அம்மாவை அந்தக் கணக்கில் நான் சேர்த்ததே இல்லை.

அம்புக்குறி எந்தப் பக்கம்?

ஜூலை முழுக்க வேலை. சிலிண்டரில் கீறல் இருந்ததால் லேத்தில் கொடுத்து ரீபோர் செய்தோம். துளை கொஞ்சம் பெரிதாவதால் அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் வேண்டும். அது தர்மபுரியிலேயே கிடைத்தது. பெடல் ஷாஃப்ட் கிடைக்கவில்லை. பின்னால் வந்த வண்டிகளில் பெடல் போய் கிக்கர் வந்துவிட்டது. சென்னை புதுப்பேட்டையில் மூன்று சனிக்கிழமை அலைந்து, நான்காவது வாரம் ஒரு மூட்டைக்குள்ளிருந்து ஒன்றை எடுத்தேன். அதை அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டியபோது, "பல்லு தேஞ்சிருக்கா பாரு" என்றார் முதல் வார்த்தையாக.

புது பிஸ்டனை நான்தான் மாட்டினேன். அம்மா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து, "அம்புக்குறி எந்தப் பக்கம் இருக்கு?" என்றார். டூ ஸ்ட்ரோக் பிஸ்டனின் தலையில் ஓர் அம்புக்குறி இருக்கும். அது புகை வெளியேறும் பக்கம், அதாவது சைலன்ஸர் பக்கம் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் ரிங்கின் முனை சிலிண்டரில் உள்ள வாயில் மாட்டி உடையலாம். நான் மாற்றித்தான் போட்டிருந்தேன். ஊசி போடும் முன் மருந்துப் புட்டியின் தேதியை இரண்டு தடவை படிக்கும் பழக்கம் அம்மாவுக்கு. அதுதான் பிஸ்டனைக் காப்பாற்றியது.

பெட்ரோல் டேங்கைச் சோடாவும் வெந்நீரும் ஊற்றிப் பல தடவை கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகே வெல்டிங் கடைக்கு அனுப்பினோம். காலி டேங்கில் தங்கியிருக்கும் பெட்ரோல் ஆவி வெடிக்கும் என்று கடைக்காரரே எச்சரித்தார். சீட்டை ஊர் தையல்காரர் தைத்தார். பெயின்ட் மட்டும் அதே பழைய நீலம் வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தார்.

செப்டம்பரில் ஒரு தலைவலி. ஆர்.சி புதுப்பிக்கும்போது ஆய்வாளர் சேஸிஸ் எண்ணைப் பார்ப்பார். அதன் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து நகல் எடுப்பதும் உண்டு. எங்கள் வண்டியில் அந்த இடமே துருவாக இருந்தது. எண் தெரியவில்லை என்றால் இத்தனை வேலையும் வீண். முரட்டு எமரித் தாள் போட்டால் எண்ணும் சேர்ந்து அழியும். அம்மா மண்ணெண்ணெயில் பஞ்சை நனைத்து, புண்ணைச் சுத்தம் செய்வதுபோல வட்டமாகத் துடைத்தார். ஒருநாள் இல்லை, ஒரு வாரம், தினமும் காலையில். ஒவ்வோர் எண்ணாக மேலே வந்தது. ஒவ்வொன்றையும் பழைய ஆர்.சி புத்தகத்தோடு ஒப்பிட்டு எனக்கு வாட்ஸ்அப் அனுப்பினார். கடைசி எண் வந்த அன்று, ஒரு கைகூப்பும் எமோஜி மட்டும் வந்தது.

உங்கள் வீட்டுப் பழைய வண்டியையும் மீட்க நினைக்கிறீர்களா?

* முதலில் ஆர்.சி-யைத் தேடுங்கள். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருடம் செல்லும். பிறகு ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். அதற்கான விண்ணப்பம் படிவம் 25.

* காலாவதியாகிப் பல வருடம் ஆகியிருந்தால் தாமதக் கட்டணமும் பசுமை வரியும் சேரும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மொத்தக் கணக்கைக் கேட்ட பிறகு ஸ்பேனரை எடுங்கள். 20 வருடம் தாண்டிய இருசக்கர வண்டிக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்ட்டில் 2,000 ரூபாயாக உயர்ந்தது.

* வண்டி இறந்துபோன தாத்தா, அப்பா பெயரில் இருந்தால், வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31. இறந்த 30 நாளுக்குள் தகவல், மூன்று மாதத்துக்குள் விண்ணப்பம் என்பது விதி.

* 2021-ல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்து, அசல் வடிவம் மாறாத வண்டிகளை 'விண்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்யலாம். அவற்றை அன்றாடம் ஓட்ட முடியாது. 1980-ல் வந்த முதல் டிவிஎஸ் 50-க்கே அந்தத் தகுதி 2030-ல்தான் வரும்.

* புகைச் சான்றும் இன்ஷூரன்ஸும் கட்டாயம். 2000 மார்ச் 31 வரை தயாரான இருசக்கர வண்டிகளின் புகையில் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. டூ ஸ்ட்ரோக் வண்டியில் ஆயிலை அளவுக்கு மேல் கலந்தால் புகையும் கரியும் கூடும், குறைத்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

* இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவிகிதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் பாகங்களைக் கெடுக்கும். பெட்ரோல் டியூப், கார்புரேட்டர் வாஷர்களைப் புதிதாக மாற்றுங்கள். வண்டியை நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிடுங்கள்.

ஐந்து வருடம்

அக்டோபர் முதல் வாரம். ஆய்வுக்குப் போக ஐந்து நாள் இருந்தது. ஆயில் கலந்த பெட்ரோலை டேங்கில் ஊற்றினோம். ஸ்டாண்டு போட்டு நான் பெடலை மிதித்தேன். பத்து மிதி, இருபது மிதி. மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

"நகரு" என்றார் அம்மா. முழங்கால் வலியோடு ஏறி உட்கார்ந்தார். சோக்கைத் திருகினார். ஆக்ஸிலேட்டரை ஒரு நூல் அளவு திறந்து, நான்கே மிதி.

'டுர்ர்ர்...'

கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை. கோழிகள் சிதறின. நான் சின்ன வயதில் வெறுத்த அதே சத்தம். அம்மா ஆக்ஸிலேட்டரில் கை வைத்தபடி, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். எதிர்வீட்டுப் பாட்டி திண்ணையில் எழுந்து நின்று, "எந்தப் புள்ளைக்கு ஊசி?" என்று கத்தினார். அம்மா சிரித்துவிட்டார்.

ஆய்வு நல்லபடியாக முடிந்தது. சேஸிஸ் எண் தெளிவாகத் தெரிந்தது. மொத்தச் செலவு, கட்டணங்கள் தவிர்த்து, பதினோராயிரத்துச் சொச்சம். இரும்பு வியாபாரி கேட்ட விலையைப் போல நான்கு மடங்கு நெருக்கி. லாப நஷ்டக் கணக்கு பார்த்தால் இது முட்டாள்தனம்தான்.

அடுத்த ஞாயிறு அம்மா ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்தேன். ரீபோர் செய்த இன்ஜினை முதல் சில நூறு கிலோமீட்டர் விரட்டக் கூடாது. இருபதுக்கு மேல் அம்மா போகவில்லை. அவருடைய பழைய வழி அது. ஓடை மேல் இப்போது பாலம் இருக்கிறது. ஒரு வளைவில் அம்மா வேகத்தைக் குறைத்தார். ஓட்டு வீடு ஒன்று. வாசலில் ஒரு சைக்கிள்.

"அந்த வீடா?" என்றேன்.

"இல்ல. இது வேற வீடு. இங்கயும் மூணாவது பொண்ணுதான். அதுக்கு அடுத்த வருஷம் பொறந்தது. நாப்பது நாள் தொடர்ந்து வந்தேன். இப்ப அந்தப் பொண்ணு ஓசூர்ல ஒரு கம்பெனிக்கு வேன்ல போயிட்டு வருதாம்."

வண்டியை நிறுத்தவில்லை. உள்ளேயிருந்து யாரும் வரவும் இல்லை. அம்மா மட்டும் ஆக்ஸிலேட்டரை ஒருமுறை லேசாக முறுக்கிவிட்டு விட்டார்.

வீட்டுக்கு வந்ததும், புதுப்பித்த ஆர்.சி-யை எடுத்துத் தேதியைப் படித்தார். 2030 அக்டோபர். அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியைக் குறித்துவிட்டு, நக அரத்தை என் கையில் கொடுத்தார்.

"அஞ்சு வருஷம் இருக்கு. அதுக்குள்ள பாயின்ட் சுத்தம் பண்ணக் கத்துக்க."

வண்டியை விற்பது பற்றி அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை.